தம்பியின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் எஃப்.எஸ்.ஜி.எஸ். என்று வந்திருக்கிறது, ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாமா?

தங்கச்சிமடம் அக்கா
18 ஏப்ரல் 2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 22 வயது. விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். தை மாதத்திலிருந்தே காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருக்கும், சாயங்காலம் கணுக்காலில் விரலை வைத்தால் குழி விழும். இரவுத் தொழில், தூக்கமில்லை, அதனால்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போவதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மாசியில் செருப்பு காலில் ஏறவில்லை. பக்கத்தில் ஓரிடத்தில் காட்டினோம். நீர் மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது, பத்து நாளில் திரும்ப வந்தது. மூன்று முறை இப்படியே நடந்தது. ஒருமுறைகூட சிறுநீரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பங்குனியில் மதுரைக்குக் கூட்டிப்போனோம். 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 6.8 கிராம். ரத்தத்தில் அல்புமின் 2.1, கொலஸ்ட்ரால் 348, கிரியேட்டினின் 1.1. கிட்னியில் பயாப்ஸி எடுத்தார்கள். ரத்தத்தை வடிகட்டும் சிறு வடிகட்டிகள் 14 வந்தனவாம், அதில் மூன்றில் மட்டும் ஒரு பக்கமாகத் தழும்பு. கீழே எஃப்.எஸ்.ஜி.எஸ். என்று எழுதியிருக்கிறது. தினமும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 60 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை வாங்கி வந்து அலமாரியில் இருக்கிறது, இன்னும் தொடவில்லை. எலும்பு கரையும், முகம் ஊதும், பிள்ளை பாழாகிவிடுவான் என்று வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் சொல்கிறார்கள்.

15ஆம் தேதி தடைக்காலம் தொடங்கிவிட்டது. 61 நாள் அவன் கரையில்தான் இருப்பான், பார்க்க வேண்டியதை இந்த நாட்களில்தான் பார்க்க முடியும். எனக்குப் புரியாதது ஒன்று: தழும்பு என்றால் ஆறிப்போன புண்தானே? ஆறியதற்கு எதற்கு மருந்து?


ராமநாதபுரம் டயாலிசிஸ் நர்ஸ்
18 ஏப்ரல், இரவு 11.15

அக்கா, கடைசியில் கேட்டீர்களே, அந்தக் கேள்விதான் முக்கியமானது. நான் மருத்துவர் இல்லை, 11 வருடமாக இந்த வார்டில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், தம்பியைப் பார்க்கிற சிறுநீரக மருத்துவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு கிட்னியில் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் மயிரை விட மெல்லிய ரத்தக் குழாய்களின் சிறு முடிச்சு. அந்தக் குழாய்களை வெளியிலிருந்து போடோசைட் என்ற செல்கள் அணைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு விரல் விரலாகக் கால்கள். ஒரு செல்லின் விரல் அடுத்த செல்லின் விரலோடு கோத்து நிற்கும், நடுவில் ஒரு நூலிழை இடைவெளி. தண்ணீரும் கழிவும் அந்த இடைவெளி வழியே போகும், அல்புமின் போன்ற புரதம் உள்ளேயே தங்கிவிடும். இந்தச் செல் ஒன்று உதிர்ந்தால் அந்த இடத்தில் புதிதாக இன்னொன்று முளைத்து வருவது மிக அரிது. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் வலை தெரியும், அதனால் அப்படியே சொல்கிறேன். ஒரு கண்ணி அறுந்தால் இழுவை பக்கத்துக் கண்ணிகளுக்குப் போகிறது, அவை நீண்டு, தாங்காமல் அடுத்து அறுகின்றன. இங்கேயும் அதுதான். மிச்சமிருக்கும் போடோசைட்டுகள் வெற்றிடத்தை மூட விரிகின்றன, விரிந்து விரிந்து பிடி நழுவுகின்றன. வெறுமையாகிப் போன இடம் சுற்றியுள்ள உறையோடு ஒட்டிக்கொண்டு தழும்பாகிறது.

அதனால் இது தோலில் இருக்கும் ஆறிய தழும்பு மாதிரி அல்ல. ஏற்கெனவே தழும்பான இடத்தை எந்த மருந்தும் பழையபடி ஆக்காது. மருந்து கொடுப்பது அந்த மூன்றுக்காக அல்ல, மிச்சமுள்ள 11க்காக. கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.1 என்றால் காப்பாற்ற நிறைய இருக்கிறது.

எஃப்.எஸ்.ஜி.எஸ். என்பதன் விரிவு ஃபோகல் செக்மென்டல் குளோமெருலோஸ்கிளீரோசிஸ். பெயரில் இருக்கும் மூன்று சொல்லும் நுண்ணோக்கியில் பார்த்ததைத்தான் சொல்கின்றன: எல்லா வடிகட்டியிலும் இல்லை, சிலவற்றில், அந்தச் சிலவற்றிலும் முழுதாக இல்லை, ஒரு பகுதியில், அங்கே இருப்பது தழும்பு. 14 வடிகட்டி கிடைத்தது நல்லது. ஐந்தாறு மட்டும் வந்திருந்தால் தழும்பில்லாதவையாகவே அகப்பட்டு, வேறு நோய் என்று எழுதியிருக்கக்கூடும். சிறுநீரில் புரதம் ஒழுகி உடம்பு வீங்கும் நெஃப்ரோடிக் நோயில் இறந்த குழந்தைகளின் கிட்னிகளை ஆராய்ந்து, தழும்பு முதலில் ஆழத்தில் உள்ள வடிகட்டிகளில் தொடங்குகிறது என்று அமெரிக்க நோயியல் மருத்துவர் ஆர்னால்ட் ரிச் 1957இலேயே எழுதினார். ஊசி மேலாகப் போனால் தவறவிடும் என்பது அதனால்தான்.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. எஃப்.எஸ்.ஜி.எஸ். என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. வெவ்வேறு காரணங்கள் கடைசியில் விட்டுச்செல்கிற ஒரே மாதிரி காயம். ரத்தத்தில் சுற்றும் ஏதோ ஒன்று போடோசைட்டைத் தாக்குவதால் வரலாம், அதை முதல்நிலை என்பார்கள், ஸ்டீராய்டு கேட்பது அதற்குத்தான். பிறவியிலேயே ஒரே கிட்னி, அதிக உடல் எடை, சின்ன வயதில் சிறுநீர் கிட்னிக்கே திரும்பி ஏறியதால் வந்த பாதிப்பு என்று இருக்கிற வடிகட்டிகள் மேல் சுமை ஏறியும் வரலாம். எச்.ஐ.வி., சில மருந்துகள், உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்கப் போடும் ஊசி ஆகியவையும் காரணமாகலாம். மரபணுவாலும் வரும். ஸ்டீராய்டு வேண்டுமா என்று ஊரைக் கேட்பதற்கு முன்னால், "என் தம்பிக்கு எதனால் வந்தது?" என்று மருத்துவரைக் கேளுங்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா? போடோசைட்டின் கால்கள் எல்லா இடத்திலும் அழிந்திருக்கின்றனவா, அங்கங்கே மட்டுமா? எல்லா இடத்திலும் என்றால் பெரும்பாலும் முதல்நிலை, அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் வழி பிரியும்.


உச்சிப்புளி
19 ஏப்ரல், காலை 6.20

தங்கச்சி, எனக்கும் இதே பெயர்தான். 2017இல் பயாப்ஸி. ஆனால் நான் ஒரு நாள்கூட ஸ்டீராய்டு சாப்பிட்டதில்லை. காரணம், எனக்குப் பிறவியிலேயே ஒரு கிட்னி. 41 வயதில் ஸ்கேன் எடுத்தபோதுதான் அதே தெரிந்தது. வீக்கம் கிடையாது, அல்புமின் 3.9, புரதம் 2.2 கிராம். தெல்மிசார்ட்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தார்கள், 14 கிலோ எடை குறைத்தேன். 2022இல் டாபாகிளிஃப்ளோசின் சேர்த்தார்கள், சர்க்கரை நோய்க்கு வந்த மாத்திரைதான், சர்க்கரை இல்லாத கிட்னிக்காரர்களுக்கும் உதவுகிறது. கிரியேட்டினின் அப்போது 1.5, இப்போது 1.7.

நான் சாப்பிடவில்லை என்பதற்காக உங்கள் தம்பியும் சாப்பிடக்கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அல்புமின் 2.1, திடீர் வீக்கம் என்பது என்னுடைய கதை அல்ல. பெயர் ஒன்று, வழி வேறு.


தேவிபட்டினம் பேரன்
19 ஏப்ரல், காலை 10.05

எங்கள் தாத்தா வைத்தியம் பார்த்தவர். நீர்க்கட்டுக்கு நெருஞ்சில் முள்ளும் மூக்கிரட்டை வேரும் போட்ட கஷாயம் கொடுப்பார், வீக்கம் வடிந்து பார்த்திருக்கிறேன். கூட ஒரு பற்பமும், அதாவது புடம் போட்ட பொடி மருந்தும் உண்டு. ஸ்டீராய்டுக்கு முன்னால் ஒரு மண்டலம் இதைப் பார்க்கலாமே.


ராமநாதபுரம் டயாலிசிஸ் நர்ஸ்
19 ஏப்ரல், மதியம் 2.30

தம்பி, உங்கள் தாத்தாவின் கையில் பலர் நன்றாகியிருப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீக்கம் வடிவது வேறு, புரதம் நிற்பது வேறு. இந்த அக்காவின் தம்பிக்கு நீர் மாத்திரையிலும் மூன்று முறை வடிந்தது, உள்ளே ஒழுக்கு நிற்கவே இல்லை. ஒரு மண்டலம் 48 நாள். தினமும் ஆறேழு கிராம் புரதம் போகும் உடம்பில் அந்த 48 நாளில் ரத்தம் உறைந்து காலிலோ நுரையீரலிலோ அடைக்கலாம், தொற்று பிடிக்கலாம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, அல்புமின் இந்த அளவுக்கு இறங்கியவர்களுக்கு அந்த ஆபத்து உண்மையிலேயே கூடுதல்.

பற்பத்தைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். சில பற்பங்கள் போன்ற, பாதரசம் சேர்ந்த மருந்துகளும், சருமம் வெளுக்கப் பூசுகிற சில கிரீம்களும் வடிகட்டியைக் கெடுத்து இதே நுரை, இதே வீக்கத்தைக் கொண்டுவருகின்றன. அது மெம்பிரேனஸ் என்ற வேறொரு நோய். கேரளத்தில் வெளுக்கும் கிரீம் பூசியவர்களிடம் பார்த்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அக்கா, தம்பி அப்படி ஏதாவது சாப்பிட்டானா, பூசினானா என்று ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். உடம்பு வலிக்குப் படகில் டைக்ளோஃபெனாக் போடுகிற பழக்கம் இருந்தாலும் சொல்லுங்கள்.


கீழக்கரை வாப்பா
19 ஏப்ரல், இரவு 10.50

அஸ்ஸலாமு அலைக்கும். சகோதரி, நான் துபாயில் இருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு இப்போது 9 வயது. நாலு வயதில் தொடங்கியது. எட்டு வாரம் ஸ்டீராய்டு முழு அளவில் கொடுத்தோம். பிள்ளை ஊதிப்போனாள், ரோமம் வளர்ந்தது, புரதம் ஒரு துளி குறையவில்லை. அப்புறம் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். போடோசின் என்ற புரதத்துக்கான மரபணுவில் கோளாறு. போடோசைட்டின் விரல்களைக் கோத்து வைக்கும் புரதங்களில் அதுவும் ஒன்று. அந்த மரபணுவை 2000இல் பாரிஸ் ஆய்வாளர்கள்தான் கண்டுபிடித்தார்களாம். செல்லின் கட்டுமானமே பிழை, அதனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எதையும் செய்யாது என்று அன்றே ஸ்டீராய்டைக் குறைத்து நிறுத்தத் தொடங்கினார்கள். இப்போது புரதம் ஒழுகுவதைக் குறைக்கும் எனாலாப்ரில் மட்டும். என்றாவது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும். முதல்நிலை வகையில் மாற்றிய கிட்னியிலும் நோய் திரும்புவது மூன்றில் ஒருவருக்காவது நடக்கிறது, இந்த வகையில் அது மிகக் குறைவு என்றார் மருத்துவர். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நானும் மனைவியும் சொந்தத்தில் முடித்தவர்கள். இருவரிடமும் ஒவ்வொரு பிழையான பிரதி இருந்திருக்கிறது, எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து போனது. யார் மேலும் குற்றமில்லை என்று உம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்கவே ஒரு வருடம் ஆனது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் கிட்னி போயிருந்தால், அப்பா அம்மா சொந்தம் என்றால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.


தொண்டி டீச்சர்
20 ஏப்ரல், காலை 8.00

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. எந்தப் பரிசோதனை, எந்தச் சிகிச்சை அதில் வரும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைகளுக்கு ஒவ்வொரு தடவையும் மதுரை போகாதீர்கள், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.


தங்கச்சிமடம் அக்கா
27 ஏப்ரல், இரவு 8.10

எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை மதுரை போய் வந்தோம். பாம்பனில் புதிய பாலம் திறந்து இந்த மாதம் ரயில் மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறது. போன இரண்டு வருடம் போல மண்டபம் வரை பஸ்ஸில் போய் மாற வேண்டியதில்லை. கால் வீங்கினவனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று கூடப்போனவருக்குத்தான் தெரியும்.

நர்ஸ் சொன்ன கேள்விகளை நோட்டில் எழுதிக் கொண்டுபோனேன். மருத்துவர் முகம் சுளிக்கவில்லை, உட்காரவைத்துப் பதில் சொன்னார். எடுத்த சதையில் ஒரு துண்டைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்களாம், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்த ரிப்போர்ட் அன்றுதான் வந்திருந்தது. கால்கள் எல்லா இடத்திலும் அழிந்திருக்கின்றன. ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சரியான அளவு. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி எதுவும் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லை, அப்பா அம்மா அசல். முதல்நிலை என்றுதான் நினைக்கிறேன் என்றார். மாத்திரைக்குப் பதில் இருக்கிறதா என்பது நாலு வாரத்திலிருந்து தெரிய ஆரம்பிக்கலாம், அதிகபட்சம் 16 வாரம் வரை முழு அளவில் பார்ப்போம், கேட்கவில்லை என்றால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான டாக்ரோலிமஸுக்கு மாறுவோம் என்றார். கூட, புரதம் ஒழுகுவதைக் குறைக்கும் ராமிப்ரில், காலையில் ஒரு நீர் மாத்திரை.

நாளை காலை முதல் மாத்திரை. எடை 66 கிலோ, அதில் தண்ணீர் எவ்வளவோ. சாப்பாடுதான் இனிக் கவலை. கருவாடு இல்லாமல் இந்த வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை.


ராமநாதபுரம் டயாலிசிஸ் நர்ஸ்
27 ஏப்ரல், இரவு 10.30

கருவாட்டை நிறுத்திவிடுங்கள் அக்கா. குறைப்பது போதாது. ஊறவைத்துக் கழுவினாலும் உள்ளே இறங்கிய உப்பு முழுதாகப் போகாது. ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராம், ஒரு சின்ன டீஸ்பூன். குழம்பு, சட்னி, கடையில் வாங்கும் மிக்சர் எல்லாம் அதற்குள். அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் வேண்டாம். உப்பு கூடினால் ராமிப்ரில் தன் வேலையைச் செய்யாது, நீர் மாத்திரையும் தோற்றுப்போகும். உப்புக்குப் பதில் உப்பு என்று விற்கும் பாக்கெட்டும் வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கும், ராமிப்ரிலோடு சேர்ந்தால் ரத்தத்தில் ஏறி இதயத்தைப் பாதிக்கலாம். இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியம் பார்த்த பிறகு.

பச்சை மீன் தாராளமாகக் கொடுங்கள். நம் கரையில் சாளையும் ஊளியும் கிடைக்கும்போது என்ன குறை. மிளகு, பூண்டு, புளி, கறிவேப்பிலையைக் கூட்டுங்கள், இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். சிறுநீரில் போகிற புரதத்தை ஈடுகட்ட முட்டையும் புரத மாவும் அள்ளிக் கொடுக்காதீர்கள், கூடுதல் புரதம் வடிகட்டியின் சுமையைத்தான் ஏற்றும்.

மாத்திரை காலையில், சாப்பிட்ட பிறகு, ஒரே வேளையாக. எந்தக் காரணத்துக்காகவும் திடீரென்று நிறுத்தக்கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு போகும்போது உடம்பு தானே சுரப்பதை விட்டுவிடும், சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரி. சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கால்சியமும் வைட்டமின் டி-யும் கேளுங்கள். காய்ச்சல் லேசாக வந்தாலும் காத்திருக்காதீர்கள், இந்த மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும்.

மருந்துக் கடையில் சிறுநீரில் புரதம் பார்க்கும் ஸ்ட்ரிப் கிடைக்கும், புரதம் கூடக் கூடப் பிளஸ் எண்ணிக்கை கூடும். காலை முதல் சிறுநீரில் நனைத்து நிறம் பார்த்து நோட்டில் எழுதுங்கள். கூடவே எடையும்.


தங்கச்சிமடம் அக்கா
15 மே, இரவு 11.50

18ஆம் நாள். வீக்கம் வடிந்து எடை 60க்கு வந்துவிட்டது. ஆனால் தூக்கம் இல்லை, யாரைப் பார்த்தாலும் கோபம், முகம் வட்டமாகிவிட்டது. ஸ்ட்ரிப்பில் இன்னும் நாலு பிளஸ். இன்று மாத்திரை அட்டையை வீசிவிட்டு "இது வேலை செய்யவில்லை" என்கிறான். அம்மா அழுகிறாள். என்ன சொல்வது?


மண்டபம் 2016
16 மே, காலை 5.30

அக்கா, அவனிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

தம்பி, எனக்கு 2016இல், 25 வயதில். நானும் 20ஆம் நாள் அட்டையை வீசினேன். என் அண்ணன் பொறுக்கி எடுத்து வந்து உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. கோபம் உன் குணம் அல்ல, மாத்திரையின் வேலை. அளவு குறையும்போது அதுவும் குறையும், முகமும் பழையபடி வரும், எனக்கு வந்தது. எனக்கு ஏழாவது வாரத்தில்தான் ஸ்ட்ரிப் நிறம் மாறியது. இந்த நோயில் பெரியவர்களுக்கு மெதுவாகத்தான் பதில் வரும், மூன்று வாரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதே. 2019இல் ஒருமுறை திரும்பி வந்தது. டாக்ரோலிமஸ் ஒன்றரை வருடம் எடுத்தேன், மாதாமாதம் ரத்தத்தில் அதன் அளவு பார்த்தார்கள். இன்று கிரியேட்டினின் 1.0. தூக்கம் வரவில்லை என்பதை டாக்டரிடம் சொல், வெட்கப்படாதே.


கீழக்கரை வாப்பா
16 மே, மதியம் 1.15

ஸ்பார்சென்டான் என்று புது மாத்திரை வந்திருக்கிறது என்கிறார்களே, யாருக்காவது தெரியுமா?


ராமநாதபுரம் டயாலிசிஸ் நர்ஸ்
16 மே, மாலை 7.00

2023இல் அதன் பெரிய ஆய்வு முடிவு வந்தது காக்கா. இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். தெல்மிசார்ட்டான் வகைப் பழைய மாத்திரையை விடப் புரதத்தை நன்றாகக் குறைத்தது, கிட்னி வேலை இறங்கும் வேகத்தில் மட்டும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. நம்பிக்கை உண்டு, அற்புதம் இல்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. போடோசைட்டுகளைக் கோக்கும் நெஃப்ரின் என்ற புரதத்துக்கு எதிராக உடம்பே எதிர்ப்பொருள் தயாரிப்பதை 2024இல் பலரிடம் அளந்து காட்டினார்கள். பெரும்பாலும், இதே போல் புரதம் ஒழுகும் ஆனால் தழும்பில்லாத மினிமல் சேஞ்ச் நோயாளிகளிடம், எஃப்.எஸ்.ஜி.எஸ். உள்ள சிலரிடமும். ரத்தப் பரிசோதனையிலேயே யாருக்கு ஸ்டீராய்டு கேட்கும் என்று பிரிக்க முடிந்தால், உங்கள் மகள் பட்ட அந்த எட்டு வாரம் இன்னொரு பிள்ளைக்கு வேண்டியிருக்காது.


தங்கச்சிமடம் அக்கா
29 ஜூன், இரவு 9.00

ஒன்பது வாரம் முடிந்தது. மண்டபம் அண்ணன் எழுதியதை அவன் தன் போனில் எடுத்து வைத்துக்கொண்டான், அதற்குப் பிறகு ஒரு வேளையும் தவறவில்லை. 24 மணி நேரப் புரதம் 2.3 கிராம். அல்புமின் 3.2. கிரியேட்டினின் 1.0. எடை 58. பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, இதைப் பகுதிப் பலன் என்று சொல்வோம், இன்னும் இறங்க இடமிருக்கிறது, 16 வாரம் முடித்துப் படிப்படியாகக் குறைக்கலாம் என்றார் மருத்துவர்.

தடைக்காலம் முடிந்து இரண்டு வாரமாகிறது. படகுகள் போய் வருகின்றன. அவனும் போகிறேன் என்று நின்றான். நடுக்கடலில் வாந்தி வந்து மாத்திரை தங்கவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. படகு முதலாளியான சம்மாட்டியிடம் அவனே போய்ப் பேசி, அளவு குறையும் வரை கரையிலேயே கிழிந்த வலை பொத்தும் வேலை கேட்டு வாங்கியிருக்கிறான். கூலி பாதிதான். சமாளித்துக்கொள்வோம்.

ஸ்ட்ரிப் நோட்டை இப்போது நான் எழுதுவதில்லை, அவனே எழுதுகிறான். இன்று காலை: இரண்டு பிளஸ், 58.2 கிலோ.


ராமநாதபுரம் டயாலிசிஸ் நர்ஸ்
29 ஜூன், இரவு 9.25

வாசித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது அக்கா. ஜூலை ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியத்தையும் சாப்பிடுவதற்கு முந்தைய சர்க்கரையையும் சேர்க்கச் சொல்லுங்கள். வலை பொத்தும்போது ஊசியோ நைலான் நரம்போ கையைக் கிழித்தால் சின்னக் காயம் என்று விடாமல் அன்றே காட்டச் சொல்லுங்கள்.